கர்னல் ஆல்காட்டின் கல்வித் தொண்டு

அயோத்திதாசப் பண்டிதரும் இரட்டைமலை சீனிவாசனாரும் எம்.சி. ராஜா அவர்களும் இருக்க, நம்மவரல்லாத, நம் நாட்டினருமல்லாத ஒருவரைப் பற்றி இம்மலரில் எழுதப் புகுந்தது ஏன் என அன்பர்கள் வினவலாம். கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட்டைப் பிரம்மஞான சபையை நிறுவியவராகவும், பௌத்தத்துக்கு உழைத்தவராகவும் பலர் அறிவர். ஆசிரியத் தொழிலில் மயிர் நரைத்துவிட்ட நாம் அவரிடம் காண்பது வேறொன்று. ஏழைப் பிள்ளை எத்தனை ஆண்டு பள்ளியில் தங்குவான், அதற்குள் அவனுக்கு எதைக் கற்பிக்கலாம், கற்றானா என்று எப்படி அறிவது என்னும் மூன்று வினாக்களைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளி நடத்தியவர் அவர். அவ்வினாக்களுக்கு அவர் கண்ட விடைகள் எல்லாம் சரியா என்பது தனி வழக்கு. அதற்கும் பின்னர் வருவோம்.

ஆல்காட் 1832 ஆகஸ்டு 2ஆம் நாள் அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தின் ஆரஞ்சு என்னும் ஊரில் பிறந்தார். கல்லூரியில் சேர்ந்தவர், தந்தையின் வாணிகம் நொடித்தமையால் படிப்பை இடையில் நிறுத்த நேர்ந்தது. ஒகையோ மாநிலம் சென்று வாரத்துக்கு உழுது பயிரிட்டார். பின்னர் உழவு நூல் பயின்று, நியூயார்க்கை அடுத்து விவசாயப் பள்ளி ஒன்றை நடத்தினார். சர்க்கரைச் சோளத்தைப் பற்றி நூல் எழுதினார். நாளிதழ் ஒன்றில் உழவுப் பகுதிக்கு ஆசிரியரானார். உள்நாட்டுப் போர் மூண்டபோது, படைக்குப் பொருள் வழங்கியோர் செய்த மோசடிகளைத் துருவிக் கண்டறியும் ஆணையராக அரசு அவரை அமர்த்தியது. கர்னல் என்னும் பட்டம் அக்காலத்தில் வந்ததே. 1865இல் அதிபர் லிங்கன் கொலையுண்டபோது அதனை ஆராய்ந்தவர்களிலும் அவர் ஒருவர். அதன்பின் வழக்கறிஞரானார். பட்டியலில் உள்ளதும் கிடங்கில் இருப்பதும் ஒன்றா என எண்ணிப் பார்க்கும் பழக்கம் இப்பணிகளில்தான் அவருக்குப் படிந்திருக்க வேண்டும் என்பது நம் துணிபு.

1875இல் பிளாவட்ஸ்கி அம்மையாரோடு நியூயார்க்கில் பிரம்மஞான சபையைத் தோற்றுவித்து, 1879இல் பம்பாய் வந்து சேர்ந்தார். மறு ஆண்டு இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றார். அந்நாளில் அங்கே பௌத்தர் நடத்திய பள்ளிகள் விரல் விட்டு எண்ணத்தக்கன. கல்வி நிதி திரட்டுவதற்காகத் தாமே வடிவமைத்த இரட்டை மாட்டு வண்டியில் அவர் ஊர் ஊராகச் சென்றார். பகலில் அமர்ந்து எழுதவும் உண்ணவும், இரவில் படுத்துறங்கவும் ஏற்ற வண்டி அது. கொழும்பில் ஆனந்தா, கண்டியில் தர்மராஜா, காலியில் மகிந்தா ஆகிய கல்லூரிகள் அவ்வுழைப்பில் முளைத்தவை. அவர் மறையும்போது பௌத்தப் பள்ளிகள் இருநூற்றுக்கு மேல் இருந்தன.

சென்னை அடையாற்றில் சபையின் தலைமையகம் அமைந்தது 1882இல். பத்தாண்டு கழிந்து நம் மக்களைப் பற்றிய பேச்சு அரசு வட்டாரத்தில் எழுந்தது. நம் நெமிலிச்சேரியும் அடங்கியிருந்த அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தின் ஆட்சித் தலைவர் திரெமென்கீர், ஒடுக்கப்பட்டோரின் நிலமற்ற அடிமை வாழ்வை விரித்துரைத்து அரசுக்கு அறிக்கை அளித்தார். 1892இல் சென்னை மகாஜன சபையில் பண்டிதர் எழுந்து, நான்காம் வகுப்பு வரை நம் பிள்ளைகட்கு இலவசக் கல்வியும், தரிசு நிலமும் கேட்டார். 1893 பிப்ரவரி முதல் நாள் கல்வித்துறையின் 68ஆம் எண் ஆணை பிறந்தது. பஞ்சமர் எனப்பட்டோருக்குத் தனிப்பள்ளிகள், ஆசிரியப் பயிற்சிக்கு உதவித்தொகை முதலியன அதிற் கண்டவை. அதனைச் சாசனம் என்றே புகழ்ந்தோரும் உண்டு. ஆணை பிறப்பது எளிது. பள்ளி பிறப்பது அரிது. 1894இல் ஆல்காட் அடையாற்றில் எளிய கொட்டகையில் இலவசப் பள்ளி ஒன்றைத் திறந்தார். கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் என அடுத்தடுத்துப் பள்ளிகள் எழுந்தன. எம்மதத்தையும் அங்கே புகட்டலாகாது என்பது அவர் விதித்த விதி.

இனி அம்மூன்று வினாக்களுக்கு வருவோம். இப்பிள்ளைகள் நான்கைந்து ஆண்டுக்கு மேல் பள்ளியில் தங்கார் என்பதை ஆல்காட் முதலிலேயே ஒப்புக்கொண்டார். கை வலுத்தவுடன் கூலிக்குச் செல்லும் பிள்ளை அவன். எனவே மேற்படிப்புக்கு அடித்தளமாக மட்டும் பயன்படும் பாடங்களை விலக்கி, இடையில் நின்றாலும் வீணாகாதவற்றை வைத்தார். தமிழில் எழுதப் படிக்க, கூலிக் கணக்கில் ஏமாறாதிருக்கும் அளவு எண், ஓரளவு பேச்சு ஆங்கிலம், வேலைக்கு உதவும் சமையல் முதலிய கைத்தொழில் என்பன அவை. படிப்பின் ஒவ்வோராண்டும் தன்னளவில் நிறைவுடையதாக இருத்தல் வேண்டும் என்னும் இக்கருத்து, எத்தனையோ பாடத்திட்டக் குழுக்களுக்கு இன்றும் எட்டாதது.

பிள்ளையின் நாளை அறியாமல் பள்ளியின் நேரத்தை வகுத்தால் என்னவாகும் என்பதை நாமே பட்டறிந்தோம். நம் கழகம் மாலை வகுப்பைத் தொடங்கிய புதிதில் மாலை 5 மணிக்கு மணியடித்தோம். ஆண் பிள்ளைகள் வந்தனர். பெண் பிள்ளைகள் வரவில்லை. அக்கறை இல்லை என நாம் கடிந்துகொண்டோம். தாய்மார் தொழிற்பேட்டையிலிருந்து திரும்புமுன் குடத்தோடு தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்பவர்கள் அப்பெண் பிள்ளைகளே என்பதை, ஒருநாள் அவ்வழியே மிதிவண்டியில் சென்றபோதுதான் கண்டோம். வகுப்பை ஏழு மணிக்கு மாற்றியபின் பாய் போதவில்லை. தவறு நேர அட்டவணையை எழுதிய நம்முடையது.

கற்றானா என்று அறியும் வழி அக்காலத்தில் முரட்டு வழி. ஆய்வாளர் ஆண்டுக்கொருமுறை வந்து பிள்ளைகளைப் படிக்கச் சொல்லி, எழுதச் சொல்லி, கணக்குப் போடச் சொல்லித் தேறியோர் தலைக்கு இவ்வளவு என மானியம் அளப்பார். நெற்களத்தில் மரக்கால் இட்டு அளப்பது போன்றதே அது. ஆசிரியர்கள் அந்த ஒரு நாளுக்காகவே பிள்ளைகளை உருப்போட வைத்தனர். அம்முறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைவிடப்பட்டது. ஆல்காட்டின் பள்ளிகள் அத்தேர்வுகளுக்கு அஞ்சவில்லை. மாகாணத்தின் சராசரியை விஞ்சிய தேர்ச்சி பெற்று, இப்பிள்ளைகளுக்கு மூளையில்லை என்றோர் வாயை அடைத்தன. ஆயினும் தேர்ச்சி விழுக்காட்டோடு அவர் நின்றுவிடவில்லை. அமெரிக்காவிலிருந்து சாரா பாமர் அம்மையாரும், பின்னர் கோர்ட்ரைட் அம்மையாரும் மேற்பார்வைக்கு வந்தனர். கிண்டர்கார்ட்டன் என்னும் விளையாட்டு முறைக் கல்வி, சென்னையின் செல்வர் வீட்டுப் பிள்ளைகளே அறியாத காலத்தில் நம் பிள்ளைகளுக்குக் கிடைத்தது. கோர்ட்ரைட் அம்மையார் தம் பட்டறிவை 1906இல் நூலாகவும் எழுதினார்.

இத்தனையும் புகழ்ந்துவிட்டு நம் மனத்தில் உறுத்துவதை மறைத்தல் நேர்மையன்று. நான்காண்டே தங்குவான் என்று கண்டது மெய். ஆனால் அக்கணக்கு நாளடைவில் வேலியாகிவிட்டது. இப்பிள்ளைகளைப் பட்டதாரிகளாக்குவது தம் நோக்கமன்று என்பதில் ஆல்காட் தெளிவாகவே இருந்தார். துரைமார் வீட்டில் நல்ல சமையற்காரராக, ஏமாறாத பணியாளராக ஆனால் போதும் என்பது அவர் நிலை. பண்டிதரும் நான்காம் வகுப்பு வரை என்றுதானே கேட்டார் எனலாம். கதவே திறவாத வீட்டின்முன் நின்று திண்ணையில் இடம் கேட்டவரும், வீட்டுக்குள்ளிருந்து திண்ணை போதும் என்றவரும் ஒருவராகார். அடையாற்றில் முதற்பள்ளி திறந்த அந்த 1894இல், பரங்கிமலையில் பிறந்த 11 வயதுச் சிறுவர் ஒருவர் கிறித்தவ மிஷன் பள்ளி வழியே மேலே சென்றுகொண்டிருந்தார். அவர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பட்டம் பெற்று, பள்ளி ஆசிரியராகி, பாடநூல்கள் எழுதி, 1920இல் சட்டமன்றம் புகுந்தார். அவரே எம்.சி. ராஜா. ஆல்காட்டின் அளவுகோலில் இப்பிள்ளைக்கு இடமில்லை.

நம் கழகத்தின் செயற்குழுவிலும் இதே வழக்கு இப்போது நடக்கின்றது. பத்தாம் வகுப்போடு மாலை வகுப்பை நிறுத்தி, பிள்ளைகளை அம்பத்தூர்த் தொழிற்பயிற்சி நிலையத்துக்கு அனுப்பிவிட்டால் விரைவில் வேலை கிட்டும் என்கின்றனர் சிலர். அதிலும் நியாயம் உண்டு. கடைசலும் பற்றவைப்பும் கற்று வீடு கட்டியோர் நம் தெருவிலேயே இருக்கின்றனர். ஆனால் விரும்பிச் செல்பவன் செல்வது வேறு, எல்லாருக்கும் நாமே அங்கே கோடு கிழிப்பது வேறு. ஆகவே மேனிலை வகுப்பு மாணவர்க்கும் விளக்கு எரிய வேண்டும் என்றே நாம் வாக்களித்தோம்.

ஆல்காட்டின் இறுதிக் காலத்தைச் சுருங்கச் சொல்வோம். 1898இல் அவர் பண்டிதரையும், பஞ்சமர் பள்ளி ஆசிரியராயிருந்த கிருஷ்ணசாமி அவர்களையும் கொழும்புக்கு அழைத்துச் சென்றார். சுமங்கல மகாதேரர்முன் அவர்கள் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பினர். அவ்வாண்டே சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தோன்றியது. 1906இல் கப்பற் பயணத்தில் படியில் இடறி விழுந்து காயமுற்ற ஆல்காட் பின்னர் தேறவில்லை. 1907 பிப்ரவரி 17ஆம் நாள் அடையாற்றில் உயிர் நீத்தார். அங்கேயே அவர் உடல் எரியூட்டப்பட்டது. அவர் முதலில் திறந்த பள்ளி, பெசன்ட் நகரில் ஆல்காட் நினைவுப் பள்ளியாகக் கட்டணமின்றி நடந்து வருகின்றது. நான்காம் வகுப்போடு நின்ற அப்பள்ளி, அவர் காலத்துக்குப் பின் மேனிலைப் பள்ளியாக உயர்ந்தது.