குழந்தை மனதைத் திறந்து பார்த்த டாக்டர்

குழந்தைக்கு என்ன தெரியும் என்று பெரியவர்கள் சொல்வது உண்டு.

அது தவறு என்றார், ஒரு டாக்டர். குழந்தைக்கு ஆசை உண்டு, பயம் உண்டு, பொறாமையும் உண்டு. வளர்ந்த பிறகு அவை மறந்து போகலாம். ஆனால் அழிந்து போவதில்லை. மனிதனின் குணத்துக்கு அஸ்திவாரம் முதல் ஐந்து, ஆறு வயதிலேயே போடப்பட்டு விடுகிறது என்றார், அவர்.

உலகம் முதலில் சிரித்தது. பிறகு கோபப்பட்டது. கடைசியில் காது கொடுத்துக் கேட்டது.

அந்த டாக்டர்தான் சிக்மண்ட் பிராய்டு.

ஒற்றை அறை வீடு

பிராய்டு 1856-ம் ஆண்டு மே மாதம் 6-ந் தேதி பிறந்தார். ஊர், பிரைபர்க். அப்போது அது ஆஸ்திரியப் பேரரசில் இருந்தது. இன்று செக் குடியரசில் பிரிபோர் என்ற பெயரில் இருக்கிறது.

தந்தை ஜேக்கப், கம்பளி வியாபாரி. அவருக்கு வயது 40. தாயார் அமாலியாவுக்கு வயது 20. பூட்டு செய்யும் தொழிலாளி ஒருவரின் வீட்டு மாடியில், ஒரே அறையில் குடித்தனம் நடத்தினார்கள். அவர்கள் யூதர்கள்.

ஜேக்கப்புக்கு முதல் மனைவி மூலம் இரண்டு மகன்கள் இருந்தார்கள். இருவரும் பெரியவர்கள். மூத்தவருக்கு ஒரு மகன் இருந்தான். அந்தப் பையன் பிராய்டை விட வயதில் மூத்தவன். சித்தப்பா சிறியவர், அண்ணன் மகன் பெரியவன்! இருவரும் சேர்ந்து விளையாடினார்கள். அடித்துக் கொள்ளவும் செய்தார்கள்.

பிராய்டுக்கு ஒன்றரை வயது ஆனபோது ஒரு தம்பி பிறந்தான். தாயின் மடி பங்கு போயிற்று. பிராய்டுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் ஒரு வயது நிரம்பும் முன்பே அந்தக் குழந்தை இறந்து விட்டது. தம்பி மீது தான் கொண்ட பொறாமையும், அவன் இறந்ததால் ஏற்பட்ட குற்ற உணர்வும் தன் மனதில் தங்கி விட்டதாக, 40 வயதுக்குப் பிறகு ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதினார், பிராய்டு.

காலிப் பெட்டி

பிராய்டை வளர்த்த ஆயா ஒருத்தி இருந்தாள். வீட்டில் திருடியதாக அவள் பிடிபட்டு, சிறைக்குப் போனாள். அவளைப் பெட்டிக்குள் அடைத்தாயிற்று என்று சின்ன அண்ணன் வேடிக்கையாகச் சொன்னார். சிறையைத்தான் அப்படிக் குறிப்பிட்டார். குழந்தைக்கு அது விளங்கவில்லை.

பிறகு ஒரு நாள், தாயைக் காணோம். ஆயாவைப் போல அம்மாவையும் பெட்டியில் பூட்டி விட்டார்களோ என்று பயந்து, பிராய்டு கதறினார். அண்ணன் பெரிய அலமாரி ஒன்றைத் திறந்து காட்டினார். உள்ளே யாரும் இல்லை. அழுகை இன்னும் அதிகமாயிற்று. தாய் வாசல் வழியாக உள்ளே வந்த பிறகுதான் அழுகை நின்றது.

இந்தக் காட்சி மட்டும் காரணம் தெரியாமல் அவர் நினைவில் நின்றது. பெரியவரான பிறகு தாயாரிடம் விசாரித்து, அர்த்தத்தைக் கண்டுபிடித்தார்.

சேற்றில் விழுந்த தொப்பி

1860-ல் குடும்பம் வியன்னாவுக்கு வந்தது. மேலும் பல குழந்தைகள் பிறந்தன. தாய்க்கு மூத்த பிள்ளைதான் செல்லம். மற்றவர்கள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படித்தார்கள். பிராய்டுக்கு மட்டும் தனி அறை, எண்ணெய் விளக்கு. தங்கை பியானோ வாசித்தது படிப்புக்கு இடைஞ்சலாக இருந்தது. பியானோவே வீட்டை விட்டுப் போயிற்று!

பிராய்டுக்குப் பத்து, பன்னிரண்டு வயது இருக்கும்போது, தந்தை பழைய சம்பவம் ஒன்றைச் சொன்னார். இளைஞராக இருந்தபோது அவர் புதுத் தொப்பி அணிந்து தெருவில் போனார். எதிரே வந்த ஒருவன், யூதன் என்று திட்டி, தொப்பியைச் சேற்றில் தட்டி விட்டான். தந்தை ஒன்றும் பேசவில்லை. குனிந்து தொப்பியை எடுத்துக் கொண்டு நடந்தார். இதைக் கேட்ட மகனின் மனம் உடைந்தது. தன் தந்தை வீரர் இல்லையே என்ற ஏமாற்றம் அவரை வெகு காலம் விடவில்லை.

பேச்சே மருந்து

பிராய்டு 1881-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1886-ல் மார்த்தாவை மணந்தார். ஆறு குழந்தைகள் பிறந்தன.

அந்தக் காலத்தில் சிலருக்குக் கை கால் இயங்காது, பேச்சு வராது. உடம்பைச் சோதித்தால் கோளாறு எதுவும் தெரியாது. பிராய்டு 1885-ல் பாரிசுக்குப் போய், ஷார்கோ என்ற பெரிய நிபுணரிடம் இந்த நோயைப் பற்றிப் படித்தார். வியன்னாவில் பிராயர் என்ற டாக்டர், நோயாளியை மனம் விட்டுப் பேச வைப்பதையே சிகிச்சையாகச் செய்து பார்த்திருந்தார். இருவரும் சேர்ந்து 1895-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள்.

பிராய்டின் வீட்டில் நோயாளி ஒரு மெத்தையில் படுத்துக் கொள்வார். கண்ணில் படாமல், தலைமாட்டில் பிராய்டு உட்கார்ந்திருப்பார். மனதில் தோன்றுவதை எல்லாம் மறைக்காமல் சொல்ல வேண்டும். இதுவே உளப்பகுப்பு முறை. பேச்சு எங்கே தொடங்கினாலும், கடைசியில் குழந்தைப் பருவத்தில் போய் நிற்பதைப் பிராய்டு கவனித்தார்.

1896-ல் தந்தை இறந்தார். அந்தத் துக்கத்தில் பிராய்டு தன் மனதையே அலசத் தொடங்கினார். அதில் பிறந்ததுதான் கனவுகளைப் பற்றிய அவரது புகழ்பெற்ற நூல். 1899-ல் வெளிவந்தது. அச்சிட்டது 600 பிரதிகள். அவை விற்றுத் தீர எட்டு ஆண்டுகள் ஆயின!

மனதின் மூன்று பங்கு

பிராய்டு சொன்னது இதுதான். கைக்குழந்தைக்கு முதல் இன்பம் வாயில் இருக்கிறது. அடுத்து, மலம் சிறுநீரை அடக்கப் பழகும் காலம். மூன்று முதல் ஆறு வயது வரை, பையன் தாயைத் தனக்கே சொந்தமாக்கிக் கொள்ள விரும்புகிறான். தந்தையைப் போட்டியாக நினைக்கிறான். பிறகு தந்தையைப் போலவே தானும் ஆக விரும்புகிறான். இதில் எந்தக் கட்டத்திலாவது மனம் சிக்கிக் கொண்டால், பின்னால் தொல்லை வரும்.

1923-ல் மனதை மூன்றாகப் பிரித்துக் காட்டினார். ஒன்று, உடனே வேண்டும் என்று அடம் பிடிக்கும் ஆசை. இரண்டு, கூடாது என்று அதட்டும் மனச்சாட்சி. பெற்றோரின் கண்டிப்பு உள்ளே குடியேறி மனச்சாட்சி ஆகிறது. இரண்டுக்கும் நடுவே நின்று, உலகத்தையும் பார்த்து நடப்பது மூன்றாவது.

நூல்கண்டு விளையாட்டு

ஆனால் பிராய்டு சிகிச்சை செய்தது பெரும்பாலும் பெரியவர்களுக்கே. குதிரை கடித்து விடும் என்று பயந்து தெருவுக்கே வராத ஐந்து வயதுப் பையனைப் பற்றி 1909-ல் எழுதினார். அந்தப் பையனுக்குக் கூட, தந்தை மூலமாகத்தான் சிகிச்சை நடந்தது.

தன் பேரனை மட்டும் அவர் கூட இருந்து கவனித்தார். மகள் சோபியின் மூத்த மகன் அவன். வயது ஒன்றரை. தாய் வெளியே போனால் அவன் அழ மாட்டான். நூல் கட்டிய ஒரு மரக்கட்டையைத் தொட்டிலுக்குள் எறிவான். கட்டை மறையும். போய்விட்டது என்பது போல் ஓர் ஒலி எழுப்புவான். பிறகு நூலை இழுப்பான். கட்டை வெளியே வரும். முகம் மலரும்.

பிராய்டு யோசித்தார். கட்டைதான் தாய். தாய் போவதை அவனால் தடுக்க முடியாது. விளையாட்டில் மட்டும், போக விடுவதும் திரும்ப வரவழைப்பதும் அவன் கையில் இருக்கிறது! அழாத குழந்தைக்குத் துக்கம் இல்லை என்று அர்த்தம் இல்லை.

1920-ல் சோபி விஷக் காய்ச்சலில் இறந்தாள். அந்தத் தாய் திரும்பி வரவில்லை. 1923-ல் அவளுடைய இரண்டாவது மகனும் இறந்தான். அவனுக்கு வயது நாலரை. எதற்கும் கலங்காத பிராய்டு அன்று அழுதார்.

அதே ஆண்டு அவர் வாயில் புற்றுநோய் கண்டது. தினமும் 20 சுருட்டு பிடித்தவர், அவர். முப்பதுக்கு மேற்பட்ட ஆபரேஷன்கள் நடந்தன. ஆனாலும் எழுதுவதை நிறுத்தவில்லை.

புகழும் எதிர்ப்பும்

கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் 1922-ல் உளப்பகுப்புச் சங்கம் அமைத்தார். பிராய்டின் 75-வது பிறந்த நாளுக்கு, தந்தத்தில் செய்த விஷ்ணு சிலை இந்தியாவில் இருந்து போயிற்று. அதை அவர் தன் மேசை மீது வைத்துக் கொண்டார்.

எதிர்ப்பும் குறையவில்லை. சில நோயாளிகளை வைத்து உலகத்துக்கே விதி எழுதுகிறார் என்றார்கள். பெண்களின் மனதைப் பிராய்டு தவறாகப் புரிந்து கொண்டார் என்று கரேன் ஹார்னி என்ற பெண் டாக்டர் வாதாடினார். பிராய்டின் பல முடிவுகளை, பின்னால் வந்த ஆராய்ச்சி ஏற்கவில்லை. ஆனால் குழந்தைப் பருவம் முக்கியமானது என்ற அடிப்படை நிலைத்தது.

1933-ல் இட்லரின் ஆட்கள் பெர்லினில் பிராய்டின் புத்தகங்களைக் கொளுத்தினார்கள். 1938-ல் நாஜிகள் ஆஸ்திரியாவைப் பிடித்தார்கள். மகள் அன்னாவை ரகசியப் போலீசார் விசாரணைக்குக் கொண்டு போனார்கள். அன்று மாலை அவள் திரும்பும் வரை பிராய்டு தவித்தார். ஜூன் மாதம் குடும்பத்துடன் லண்டனுக்குப் போனார். வியன்னாவில் தங்கிப் போன அவருடைய தங்கைகள் நால்வரும், பின்னால் நாஜி முகாம்களில் மாண்டார்கள்.

1939 செப்டம்பர் 23-ந் தேதி பிராய்டு காலமானார். வயது 83.

மகள் தொடர்ந்த பணி

தந்தை விட்ட இடத்தில் மகள் தொடங்கினாள். போர்க்காலத்தில் லண்டனில் குண்டு விழுந்தது. வீடு இழந்த குழந்தைகளுக்கு அன்னா பிராய்டு காப்பகங்கள் நடத்தினார். பல குழந்தைகளை, குண்டுச் சத்தத்தை விடத் தாயைப் பிரிந்ததே அதிகமாக வாட்டியது என்று கண்டார். நாலைந்து குழந்தைகளுக்கு ஒரு தாதி என்று சிறு சிறு குடும்பங்களாகப் பிரித்தார். ஒட்ட ஓர் ஆள் கிடைத்ததும், குழந்தைகள் தேறின.

அந்தக் காப்பகத்தில் வேலை பார்த்தவர், ஜேம்ஸ் ராபர்ட்சன். அந்நாளில் ஆஸ்பத்திரியில் சேர்த்த குழந்தையைப் பெற்றோர் நினைத்தபோது பார்க்க முடியாது. இரண்டு வயதுக் குழந்தை ஒன்று ஆஸ்பத்திரியில் தாயைப் பிரிந்து படும் பாட்டை, அவர் 1952-ல் சினிமாப் படமாகவே எடுத்துக் காட்டினார். பார்த்த டாக்டர்கள் சிலர் கோபப்பட்டார்கள். ஆனால் 1959-ல் இங்கிலாந்து அரசு அமைத்த குழு, பெற்றோரைத் தடையின்றி அனுமதிக்க வேண்டும் என்றும், சிறு குழந்தையுடன் தாயும் தங்க இடம் தர வேண்டும் என்றும் சிபாரிசு செய்தது.

பூட்டியிருந்த வார்டு கதவுகள் ஒவ்வொன்றாகத் தாய்மாருக்குத் திறந்தன.