கல்லூரி வாசலை அகலத் திறந்த ஆசுதோஷ் முகர்ஜி

மெட்ரிகுலேஷன் பாஸ் என்ற இரண்டு வார்த்தைகள் ஒரு காலத்தில் இந்தியா முழுவதும் லட்சக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டன. ரெயில்வே, தபால் ஆபீஸ், கணக்குத் தணிக்கை அலுவலகம், வெள்ளைக்காரக் கம்பெனி என்று எங்கே குமாஸ்தா வேலைக்குப் போனாலும் முதலில் கேட்பது அந்தச் சர்டிபிகேட்டைத்தான். கல்லூரியில் சேரவும் அதுதான் சீட்டு.

அந்தப் பரீட்சையில் எத்தனை பேரை உள்ளே விடலாம்? வாசலிலேயே சலித்து எடுப்பதா? எல்லோரையும் உள்ளே விட்டு மேலே போகப் போகச் சலிப்பதா? இந்தக் கேள்விக்காக ஒரு வைஸ்ராயின் நோக்கத்துக்கு எதிராக வேலை செய்து, ஒரு கவர்னரோடு நேருக்கு நேர் மோதியவர் சர் ஆசுதோஷ் முகர்ஜி. வங்காளிகள் அவரை வங்கப் புலி என்றார்கள். சர். சி.வி.ராமனும் டாக்டர் ராதாகிருஷ்ணனும் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்கள் ஆனதும் அவரால்தான்.

கருணை மார்க்

சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் 1857-ம் ஆண்டில் தொடங்கப்பட்டவை. அப்போது அவை பாடம் சொல்லிக் கொடுக்கவில்லை. பரீட்சை நடத்திப் பட்டம் கொடுப்பது மட்டுமே அவற்றின் வேலை.

கல்கத்தாவில் 1858-ல் நடந்த முதல் பி.ஏ. பரீட்சையில் தேறியவர்கள் இரண்டே பேர். அவர்களுக்கும் ஒரு பாடத்தில் கருணை மார்க் போட்டுத்தான் தேற வைத்தார்கள். அந்த இருவரில் ஒருவர்தான் பின்னாளில் வந்தே மாதரம் பாடலை எழுதிய பங்கிம் சந்திரர். மார்க்கை மட்டும் பார்த்திருந்தால் அவரும் பெயில்தான்!

அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து, 1864-ம் ஆண்டு ஜூன் 29-ந் தேதி, கல்கத்தா பவ்பஜார் பகுதியில் ஆசுதோஷ் பிறந்தார். தந்தை கங்கா பிரசாத் டாக்டர். தாயார் ஜகத்தாரிணி தேவி. பையனுக்குக் கணக்கு என்றால் உயிர். 1879-ல் என்ட்ரன்ஸ் பரீட்சையில் பல்கலைக்கழகத்திலேயே இரண்டாவதாகத் தேறி பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்தார். மாணவராக இருந்தபோதே அவருடைய கணிதக் கட்டுரைகள் இங்கிலாந்துப் பத்திரிகைகளில் வெளிவந்தன. 1885-ல் கணிதத்திலும் அடுத்த ஆண்டே பௌதிகத்திலும் எம்.ஏ. பட்டம் பெற்றார். பிரேம்சந்த் ராய்சந்த் பரிசும் கிடைத்தது.

இவ்வளவு படித்தவருக்குக் கல்வி இலாகாவில் வேலை இருந்தது. ஆனால் வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு ஒரு தரம், இந்தியருக்கு அதைவிடக் கீழான தரம் என்று இருந்த காலம் அது. சமமான தரம் இல்லாத வேலை வேண்டாம் என்று அவர் சட்டம் படிக்கப் போனார். 1888-ல் வக்கீல் ஆனார். 1904-ல் ஐகோர்ட்டு நீதிபதி. கணக்கு ஒரு மேதையை இழந்தது என்று வருந்தியவர்கள் உண்டு. ஆனால் கோர்ட்டு வேலைக்கு நடுவில் அவர் பல்கலைக்கழகத்தை மறக்கவே இல்லை. 25 வயதிலேயே, 1889-ல், அதன் சிண்டிகேட்டில் உறுப்பினர் ஆகியிருந்தார்.

கர்சன் போட்ட பூட்டு

அந்த நேரத்தில் வைஸ்ராயாக இருந்தவர் கர்சன் பிரபு. புற்றீசல்போலக் கல்லூரிகள் பெருகிவிட்டன, மாணவர்கள் நெட்டுருப் போட்டு எழுதுகிறார்கள், தரம் கெட்டுவிட்டது என்பது அவர் கருத்து. 1902-ல் ஒரு கமிஷன் போட்டார். 1904-ல் பல்கலைக்கழகச் சட்டம் கொண்டு வந்தார். அந்தச் சட்டப்படி செனட் உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்குப் பேர் சர்க்கார் தரப்பில் நியமிக்கப்படுபவர்கள். புதிய கல்லூரிக்கு அங்கீகாரம் கிடைப்பது கடினமாயிற்று.

கர்சன் சொன்னது முழுவதும் பொய் அல்ல. பல கல்லூரிகளில் நல்ல நூலகம் கிடையாது, சோதனைச்சாலை கிடையாது. ஆனால் படித்தவன் பெருகினால் காங்கிரசுக்கு ஆள் பெருகும் என்ற பயமும் இதற்குள் இருக்கிறது என்றே இந்தியத் தலைவர்கள் நினைத்தார்கள். கோகலே இந்த மசோதாவைச் சட்டசபையில் கடுமையாக எதிர்த்தார்.

சட்டம் வந்துவிட்டது. அதை அமல் நடத்த ஓர் ஆள் வேண்டும். கர்சன் ஊர் திரும்பியபின், 1906-ல், மிண்டோ பிரபு காலத்தில் ஆசுதோஷ் முகர்ஜி துணைவேந்தர் ஆனார். அப்போது அவருக்கு வயது 41. சம்பளம் இல்லாத கௌரவப் பதவி. பகலில் ஐகோர்ட்டு, காலையும் மாலையும் பல்கலைக்கழகம் என்று 1914 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார்.

நடந்தது என்ன தெரியுமா? வாசலைக் குறுக்குவதற்காகப் போட்ட சட்டத்தை வைத்துக்கொண்டே அவர் வாசலை அகலமாக்கினார். புதிய விதிகளில் என்ட்ரன்ஸ், மெட்ரிகுலேஷன் என்று பெயர் மாறியது. ஆங்கிலம், கணக்கு, தாய்மொழி, வடமொழி போன்ற ஒரு பழைய மொழி ஆகியவை கட்டாயம். வரலாறும் பூகோளமும் விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம். தாய்மொழியில் கட்டுரை எழுதுவது பி.ஏ. வரைக்கும் கட்டாயம் ஆயிற்று. சட்டத்தின் எந்தப் பிரிவையும் மீறாமல், அதன் நோக்கத்தை மட்டும் கழற்றிவிட்டார் அந்த நீதிபதி.

சென்னை மாகாணத்தில் பள்ளிப்படிப்பின் முடிவில் எஸ்.எஸ்.எல்.சி. என்ற முறை புகுந்ததும் ஏறக்குறைய இந்தக் காலத்தில்தான். வங்காளத்திலும் சர்க்கார் அப்படி ஒரு சர்டிபிகேட்டைக் கொண்டுவர விரும்பியது. மெட்ரிகுலேஷனையும் பள்ளி அங்கீகாரத்தையும் தன் கையைவிட்டுப் போக ஆசுதோஷ் விடவில்லை.

பணம் எங்கிருந்து வந்தது?

இதில் ஒரு கணக்கு இருந்தது. கணிதம் படித்தவர் அல்லவா!

கல்கத்தா பல்கலைக்கழகம் பெரும்பாலும் சர்க்கார் மானியத்தில் ஓடவில்லை. பரீட்சைக் கட்டணத்தில் ஓடியது. 1857-ல் முதல் என்ட்ரன்ஸ் பரீட்சை எழுதியவர்கள் 244 பேர். ஆசுதோஷின் காலத்தில் மெட்ரிகுலேஷனுக்கு ஆண்டுதோறும் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட பையன்கள் பணம் கட்டினார்கள். கிராமத்துக் குடியானவன் நெல்லை விற்றும் குமாஸ்தா கடன் வாங்கியும் கட்டிய பணம் அது. அந்தப் பணத்தை எடுத்து எம்.ஏ. வகுப்புகளையும் ஆராய்ச்சியையும் நடத்தினார். வெறும் பரீட்சைக் கச்சேரியாக இருந்த பல்கலைக்கழகம் தானே பாடம் சொல்லும் இடமாக மாறியது. 1917-ல் எம்.ஏ. படிப்பு முழுவதும் பல்கலைக்கழகத்தின் நேர்ப்பார்வைக்கு வந்தது. 1919-ல் வங்காளி முதலிய இந்திய மொழிகளிலேயே எம்.ஏ. படிக்கலாம் என்றாயிற்று. இந்திய மொழியில் எம்.ஏ.வா என்று சிரித்தவர்கள் இருந்தார்கள்.

கட்டணம் போதாத இடத்தில் நன்கொடை வந்தது. 1912-ல் பெரிய வக்கீல் தாரக்நாத் பலித் தன் நிலத்தையும் பணத்தையும் எழுதி வைத்தார். 1913-ல் இன்னொரு வக்கீல் ராஷ்பிகாரி கோஷ் 10 லட்சம் ரூபாய் கொடுத்தார். பேராசிரியர் பதவிகள் இந்தியருக்கே என்பது நிபந்தனை. 1914 மார்ச் 27-ந் தேதி விஞ்ஞானக் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

பௌதிகத்துக்கு யாரைப் போடுவது? அப்போது கல்கத்தாவில் நிதி இலாகாவில் அதிகாரியாக இருந்தார் ஒரு தமிழ் இளைஞர். சென்னையில் எம்.ஏ. படித்தவர். டாக்டர் பட்டம் கிடையாது. ஆபீசுக்குப் போகுமுன் காலையிலும் ஆபீஸ் விட்டபின் மாலையிலும் பவ்பஜார் தெருவில் இருந்த விஞ்ஞான சங்கத்தில் தனியாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அவர்தான் சி.வி.ராமன். வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று நன்கொடைப் பத்திரத்தில் ஒரு விதி இருந்தது. அதற்காக வெளிநாடு போக மாட்டேன் என்றார் ராமன். விதியைத் தளர்த்தி அவரையே எடுத்தார் ஆசுதோஷ். 1917-ல் ராமன் சர்க்கார் வேலையை விட்டு, ஏறக்குறையப் பாதிச் சம்பளத்துக்குப் பேராசிரியர் ஆனார். 1930-ல் நோபல் பரிசு பெற்று, 1933-ல் பெங்களூர் வந்து இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநர் ஆனவரும் அவரே.

1921-ல் மைசூர் மகாராஜா கல்லூரியில் இருந்த ராதாகிருஷ்ணனை அழைத்துத் தத்துவப் பேராசிரியர் ஆக்கினார். ரெயில் நிலையத்துக்குப் புறப்பட்ட அவருடைய வண்டியை மைசூர் மாணவர்களே இழுத்துச் சென்றது ஊரறிந்த கதை. மேகநாத சாஹா, சத்யேந்திரநாத் போஸ் ஆகிய இருவரும் விஞ்ஞானக் கல்லூரியில் ஆசிரியர்களாகச் சேர்ந்தபோது இருபதைத் தாண்டிய இளைஞர்கள். அடிவாரத்தில் கூட்டம் இருந்தால்தான் உச்சிக்கு ஆளும் கிடைப்பான், உச்சியை நடத்தப் பணமும் கிடைக்கும். இதுவே ஆசுதோஷின் வழி.

மறுபக்கம்

எதிர்ப்பு சும்மா இருக்கவில்லை. கட்டண வருமானத்துக்காகவே பரீட்சையை எளிதாக்கிவிட்டார், பட்டதாரிகளை மில்லில் துணி நெய்வதுபோல் உற்பத்தி செய்கிறார் என்றார்கள். சொன்னவர்கள் வெள்ளைக்காரர்கள் மட்டும் அல்ல. வரலாற்று அறிஞர் ஜதுநாத் சர்க்கார் போன்ற பெரிய வங்காளிகளும் எழுதினார்கள். இன்னொரு பக்கம், ஒத்துழையாமை இயக்கத்தில் இறங்கியவர்கள் அந்தப் பல்கலைக்கழகத்தை அடிமைகளைத் தயாரிக்கும் கூடம் என்று திட்டி, மாணவர்களை வெளியே வரச் சொன்னார்கள்.

1917-ல் சர்க்கார் மைக்கேல் சாட்லர் தலைமையில் ஒரு கமிஷனை அமைத்தது. ஆசுதோஷும் அதில் ஓர் உறுப்பினர். 1919-ல் வந்த அறிக்கையில் ஒரு கணக்கு எல்லோரையும் திடுக்கிட வைத்தது. வங்காளத்தின் ஜனத்தொகை சுமார் 4½ கோடி. பிரிட்டனின் ஜனத்தொகையும் ஏறக்குறைய அவ்வளவே. கல்லூரி மாணவர் தொகை வங்காளத்தில் சுமார் 26 ஆயிரம். பிரிட்டனிலும் அதே அளவுதான். ஆனால் பிரிட்டனில் எல்லோருக்கும் எழுதப் படிக்கத் தெரியும். வங்காளத்தில் பத்தில் ஒருவருக்குத்தான் தெரியும். எழுத்தறிந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், பிரிட்டனைப்போல் பத்து மடங்குப் பேர் இங்கே கல்லூரிக்குப் போகிறார்கள்!

காரணத்தையும் கமிஷன் கண்டுபிடித்தது. நடுத்தரக் குடும்பத்துப் பையனுக்குக் குமாஸ்தா வேலையையும் வக்கீல் தொழிலையும் தவிர வேறு வழி இல்லை. தொழிற்சாலை குறைவு, தொழிற்கல்வி அதைவிடக் குறைவு. கல்லூரிக்கு வருபவர்களில் பலர் பள்ளிக்கூடத்திலேயே கற்றிருக்க வேண்டியதைக் கல்லூரியில் கற்கிறார்கள். ஆகையால் மெட்ரிகுலேஷனோடு கல்லூரிக்குள் விடாமல், இன்டர்மீடியட் முடித்தபின் விட வேண்டும், பட்டப்படிப்பு மூன்று ஆண்டு, பள்ளிப் பரீட்சைகளுக்குத் தனி வாரியம் என்று யோசனை சொன்னது. பின்னாளில் நாடெங்கும் வந்த பிளஸ் டூவுக்கும் மூன்று ஆண்டுப் பட்டப்படிப்புக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. வாசலை அகலமாக்கிய ஆசுதோஷே, சல்லடையை இரண்டு ஆண்டு மேலே ஏற்றும் இந்த அறிக்கையில் கையெழுத்திட்டார். இதை முரண்பாடு என்பார்கள் சிலர். பையனைத் துரத்துவது வேறு, இரண்டு ஆண்டு அதிகமாகத் தயார் செய்து அனுப்புவது வேறு என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

யோசனையை நிறைவேற்றப் பணம் வேண்டும். சர்க்கார் கொடுக்கவில்லை. டாக்காவில் மட்டும் 1921-ல் விடுதியோடு கூடிய ஒரு புதிய பல்கலைக்கழகம் எழுந்தது. கல்கத்தா கடனில் கிடந்தது. மாணவர்கள் பகிஷ்காரம் செய்ததால் கட்டண வருமானம் விழுந்துவிட்டது. கூட்டத்தை நம்பிய கணக்கின் பலவீனம் அப்போது வெளிப்பட்டது.

அந்த ஆண்டில்தான் ஆசுதோஷ் மறுபடியும் துணைவேந்தராக வந்தார். 1922-ல் வங்காள சர்க்கார் 2½ லட்சம் ரூபாய் தர முன்வந்தது. கூடவே நிபந்தனைகள். பணச் செலவு உள்ள புதிய விரிவு எதையும் செய்யக் கூடாது, கணக்கு வழக்கில் சர்க்காருக்குக் கட்டுப்பட வேண்டும் என்ற வகையில் அவை இருந்தன. சம்பளம் கொடுக்கவே தவிக்கும் நிலை. வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தவர்களும் இருந்திருப்பார்கள். ஆசுதோஷ் செனட்டில் எழுந்து, இந்தப் பணத்தை வாங்கினால் பல்கலைக்கழகம் சர்க்காரின் இன்னொரு இலாகா ஆகிவிடும், பட்டினி கிடந்தாலும் சுதந்திரத்தை விற்கக் கூடாது என்று முழங்கினார். செனட் அவர் பக்கம் நின்றது.

1923-ல் அவருடைய பதவிக்காலம் முடிந்தது. கவர்னர் லிட்டன் பிரபு கடிதம் எழுதினார். சர்க்காரோடு ஒத்துப்போவதாக உறுதி தந்தால் மீண்டும் நியமிக்கத் தயார் என்பது அதன் சாரம். அதை அவமானமாகக் கருதிய ஆசுதோஷ், பதவியே வேண்டாம் என்று காரசாரமாகப் பதில் எழுதினார். இரண்டு கடிதங்களும் பத்திரிகைகளில் வெளியாகி நாடு முழுவதும் பேசப்பட்டன.

அந்த ஆண்டு அவருக்குச் சோதனையான ஆண்டு. இளம் விதவையான மகள் கமலாவுக்கு 1908-ல் ஊர் எதிர்ப்பை மீறி மறுமணம் செய்து வைத்தவர் அவர். அந்த மகள் 1923-ல் இறந்தாள். அவள் பெயரில் பல்கலைக்கழகத்தில் சொற்பொழிவுக்கு அறக்கட்டளை வைத்தார். ஆண்டு முடிவில் ஐகோர்ட்டிலிருந்தும் ஓய்வு பெற்று, மறுபடி வக்கீல் ஆனார். டும்ராவ் ஜமீன் வழக்கை நடத்தப் பாட்னா போன இடத்தில், 1924 மே 25-ந் தேதி காலமானார். வயது 59. உடல் கல்கத்தாவுக்குக் கொண்டு வரப்பட்டது.

அவர் வாங்கிச் சேர்த்த 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள் இப்போது கல்கத்தா தேசிய நூலகத்தில் தனிப் பகுதியாக இருக்கின்றன. அவருடைய மகன் சியாம பிரசாத் முகர்ஜி 1934-ல், 33-வது வயதில், தந்தை இருந்த அதே துணைவேந்தர் நாற்காலியில் உட்கார்ந்தார். மெட்ரிகுலேஷன் பரீட்சை மட்டும் இன்னும் பல ஆண்டுகள் பல்கலைக்கழகத்தின் கையிலேயே இருந்தது. மேற்கு வங்காளத்தில் தனிப் பள்ளிக்கல்வி வாரியம் வந்து அந்தப் பொறுப்பை ஏற்றது 1951-ல்தான்.