எரிந்த படங்களும் தப்பிய பிரதிகளும்: ஜோர்ஜ் மெலியேஸ்

பாரிஸ் மொன்பர்னாஸ் புகையிரத நிலையத்தில் 1920களின் பிற்பகுதியில் விளையாட்டுப் பொருட்களும் இனிப்புகளும் விற்கும் சிறிய கடை ஒன்று இருந்தது. அங்கே அமர்ந்திருந்த வெண்தாடி முதியவரை, ரயிலைப் பிடிக்க ஓடிய பலர் அறிந்திருக்கவில்லை. ஐந்நூறுக்கும் மேற்பட்ட திரைப்படங்களை உருவாக்கிய ஜோர்ஜ் மெலியேஸ்தான் அவர்.

1861 டிசம்பர் 8 இல் பாரிசில் பிறந்தவர் மெலியேஸ். தந்தை சப்பாத்துத் தொழிற்சாலை நடத்தினார். மகனுக்கோ மாயவித்தையில்தான் நாட்டம். குடும்பத் தொழிலில் தனக்கிருந்த பங்கைச் சகோதரர்களுக்கு விற்று, 1888 இல் ரொபேர் ஊடன் என்ற மாயவித்தை அரங்கை வாங்கினார்.

1895 டிசம்பர் 28 இல் லூமியேர் சகோதரர்களின் கருவி பாரிசில் அசையும் படங்களைக் காட்டியபோது, பார்த்து வியந்தவர்களில் அவரும் ஒருவர். அக்கருவியை விலைக்குக் கேட்டார். சகோதரர்களின் தந்தை மறுத்துவிட்டார். மெலியேஸ் மனம் தளரவில்லை. லண்டனில் ரொபேர்ட் போல் தயாரித்த கருவியை வாங்கி, அதன் அமைப்பைக் கற்று, தனக்கென ஒரு கமராவை உருவாக்கினார்.

லூமியேர் படங்கள் பெரும்பாலும் அன்றாட வாழ்வைப் பதிவு செய்தன. மெலியேஸோ மேடையின் மாயத்தைத் திரைக்குக் கொண்டுவந்தார். கமராவை நிறுத்தி, ஆளை மாற்றி, மீண்டும் ஓடவிட்டால் திரையில் அந்த ஆள் மறைந்துபோவார். ஒரே சுருளில் இரு தடவை படம் பிடித்தால் ஒருவர் இருவராவார். இன்றைய கணினித் தந்திரக் காட்சிகளுக்கு மூத்த பாட்டன் இவரே. 1897 இல் மொந்த்ரேயில் கண்ணாடிக் கூரையும் சுவர்களும் கொண்ட படப்பிடிப்புக் கூடம் கட்டினார். 1902 இல் வெளிவந்த 'சந்திரனுக்கு ஒரு பயணம்' அவருக்கு உலகப் புகழ் தந்தது. அமெரிக்காவில் அதன் களவுப் பிரதிகள் பரவின. அதனால் 1903 இல் உரிமைகளைக் காக்கச் சகோதரர் கஸ்தோனை நியூயோர்க்கிற்கு அனுப்பிக் கிளை திறந்தார்.

பெரிய நிறுவனங்கள் தொழிற்சாலை வேகத்தில் படம் தயாரிக்கத் தொடங்கியபோது அவரால் ஈடுகொடுக்க முடியவில்லை. கடன் பெருகியது. 1913 உடன் படத் தயாரிப்பு நின்றது. 1923 இல் வீதி அமைப்பதற்காக அவரது அரங்கு இடிக்கப்பட்டது. மொந்த்ரேய் சொத்தும் கைவிட்டுப் போனது. படச்சுருள்களை வைக்க இடமின்றி, தன் மூலப் பிரதிகளைத் தானே தீயிட்டார்.

சில ஆண்டுகளில் திரைத்துறையினர் கடையிலிருந்த அவரை இனங்கண்டனர். 1929 இல் மண்டபம் நிறைந்த விழாவில் அவரது படங்கள் மீண்டும் ஓடின. 1931 இல் பிரான்சின் உயர் விருதை அவருக்கு அணிவித்தவர் லூயி லூமியேர். 1938 ஜனவரி 21 இல் மறைந்த மெலியேஸ், பாரிசின் பேர் லாஷேஸ் மயானத்தில் துயில்கிறார்.

எரித்த பின்னரும் சுமார் 200 படங்கள் எவ்வாறு எஞ்சின? அக்காலத்தில் படப் பிரதிகள் விற்கப்பட்டன. வாங்கியவர்கள் ஊர் ஊராக, நாடு நாடாகக் கொண்டு சென்றனர். நியூயோர்க் கிளைக்குப் போன பிரதிகளும் பாரிசின் தீக்கு எட்டாத தூரத்தில் இருந்தன. கையால் வர்ணம் தீட்டிய சந்திரப் பயணப் பிரதி ஒன்று 1993 இல் பார்சிலோனாவில் கிடைத்தது. ஆண்டுக்கணக்கில் சீர்செய்யப்பட்டு, 2011 இல் கான் திரைப்பட விழாவில் அது திரையேறியது.

இந்த வரலாறு எமக்கு அந்நியமானதல்ல. எம்மில் பல குடும்பங்கள் ஓர் அல்பத்தைக்கூட எடுக்க முடியாமல் வீட்டைவிட்டுப் புறப்பட்டவை. ஊரிலிருந்த படங்கள் அழிந்தபின், முன்பு கடிதத்தோடு வெளிநாட்டுச் சித்திக்கோ மாமாவுக்கோ அனுப்பிய ஒரு படமே அப்பப்பாவின் முகத்தை எமக்குக் காட்டுகிறது. எமது அலுமாரிகளில் கிடக்கும் வீடியோ நாடாக்களும் நாளுக்கு நாள் பழுதாகின்றன. அவற்றை இப்போதே பிரதி எடுப்போம். ஒரு பிரதியை வேறு நாட்டிலுள்ள உறவினர் வீட்டிலும் வைப்போம்.