மரத்தடியிலிருந்து மரபுக் குறியீடு வரை

நாமக்கல் வட்டாரத்துக் கோழிப்பண்ணைகளைப் பார்த்திராத மாணவர் நம் கல்லூரியில் அரிது. கூண்டின் முன்புறம் மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் கலந்த தீவனம்; கீழே சரிவில் உருண்டு வந்து நிற்கும் முட்டை. அந்த முட்டை ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 6 கிராம் புரதம் அடங்கியிருக்கிறது. வெண்கருவின் புரதத்தில் பாதிக்கு மேற்பட்டது ஓவல்புமின் என்பதாகும். அது 385 அமினோ அமிலங்கள் மணிமாலைபோல் வரிசையாகக் கோக்கப்பட்ட ஒரு சங்கிலி. சோயாவில் இருந்ததும் புரதந்தான். ஆயினும் அதன் மணிவரிசை வேறு. கோழியின் உடல் அந்த மாலையை அறுத்து, மணிகளைத் தனித்தனியாக உதிர்த்து, தனக்குரிய வரிசையில் மீண்டும் கோக்கிறது. எந்த மணிக்கு அடுத்து எந்த மணி என்பதை அதற்கு எடுத்துச் சொல்வது எது?

இவ்வினாவுக்கு ஐயத்திற்கு இடமில்லாத விடையைத் தேடித் தந்த மூவருள் ஒருவர் டாக்டர் ஹர் கோவிந்த் குரானா. 1968ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசை இராபர்ட் ஹாலி, மார்ஷல் நீரன்பர்க் ஆகிய இரு அமெரிக்க அறிஞர்களுடன் பகிர்ந்துகொண்டவர். அன்னாரின் வாழ்வு, சிற்றூர்களிலிருந்து கல்லூரிக்கு வந்து பயிலும் நம்மவர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய ஒன்றாகும்.

கணக்குப்பிள்ளை வீட்டுப் பிள்ளை

அன்றைய பஞ்சாபில், முல்தான் பகுதியைச் சேர்ந்த ராய்ப்பூர் என்னும் சிற்றூரில் குரானா பிறந்தார். அவ்வூர் இன்று பாகிஸ்தானில் உள்ளது. பதிவேடுகளின்படி பிறந்த நாள் 1922 ஜனவரி 9. தந்தை கண்பத் ராய் ஊரின் பட்வாரி. நம் சேலம் மாவட்டத்துச் சிற்றூர்களில் முன்னாளில் கர்ணம், கணக்குப்பிள்ளை என்று அழைக்கப்பட்டவர்கள் செய்துவந்த நிலக்கணக்கு, வரிக்கணக்கு வேலையே அது. ஐந்து பிள்ளைகளுள் கடைக்குட்டி குரானா. ஏறத்தாழ நூறு பேர் வாழ்ந்த அவ்வூரில் எழுத்தறிந்த குடும்பம் அநேகமாக அவர்களுடையது ஒன்றே. வறுமை இருந்தது, ஆயினும் பிள்ளைகளின் படிப்பில் தந்தை சிறிதும் குறை வைக்கவில்லை. பள்ளிக் கட்டடம் இல்லாத ஊரில் ஒரு மரத்தின் நிழலே முதற் பள்ளிக்கூடமாயிற்று.

பின்னர் முல்தானில் இருந்த டி.ஏ.வி. உயர்நிலைப் பள்ளியில் இரத்தன்லால் என்னும் ஆசிரியரும், லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் மகான் சிங் என்னும் ஆசிரியரும் அவரை உருவாக்கினர். உலகப் புகழ் பெற்ற பின்னரும் தம் வாழ்க்கைக் குறிப்பில் இவ்விருவரின் பெயர்களையும் அவர் மறவாமல் பதிவு செய்தார். 1943இல் பி.எஸ்ஸி. பட்டமும் 1945இல் எம்.எஸ்ஸி. பட்டமும் பெற்றார். அதே ஆண்டில் அரசின் உதவித்தொகை பெற்று இங்கிலாந்து சென்று, லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் 1948இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

இடம் கிடைக்காத இளைஞர்

அடுத்த ஓராண்டுக் காலம் சுவிட்சர்லாந்து நாட்டின் சூரிச் நகரில் பேராசிரியர் பிரெலாக்கிடம் கழிந்தது. உதவித்தொகை ஏதும் இல்லை. கையிருப்பை வைத்துச் சிக்கனமாக நாட்களைக் கடத்தினார். அங்கே பழைய ஜெர்மன் வேதியியல் ஏடுகளைப் படித்துக்கொண்டிருந்தபோது, கார்போடைஇமைடு என்னும் சேர்மவகை அவர் கண்ணில் பட்டது. பிறர் அதிகம் பொருட்படுத்தாத அந்தச் சேர்மவகையே பிற்காலத்தில் அவர் கையில் முதன்மையான கருவியாயிற்று.

1949இல் தாயகம் திரும்பினார். நாடு விடுதலை பெற்றிருந்தது. கூடவே பிளவும் பட்டிருந்தது. பிறந்த ஊர் அந்நிய நாடாகிவிட, குடும்பம் தில்லியில் குடியேறியிருந்தது. அந்த இளம் டாக்டர் தம் தகுதிக்கேற்ற வேலை தேடினார்; கிடைக்கவில்லை. புதிதாய்ப் பிறந்த நாட்டுக்கு அன்று ஆயிரம் துன்பங்கள். யாரைக் குறை சொல்வது? ஆயினும் இழப்பு இழப்புதான். அவர் மீண்டும் கப்பலேறி, கேம்பிரிட்ஜில் கென்னர், அலெக்சாண்டர் டாட் ஆகிய அறிஞர்களிடம் 1950 முதல் 1952 வரை பணியாற்றினார். புரதம், நியூக்ளிக் அமிலம் என்னும் இரு துறைகளிலும் அவர் மனம் ஊன்றியது அங்கேதான்.

1952இல் கனடாவின் வான்கூவர் நகரில் ஓர் ஆய்வு நிலையத்தில் இடம் கிடைத்தது. அங்கே கருவிகள் குறைவு. விரும்பியதை ஆராயும் உரிமை நிறைவு. அவ்வாண்டே எஸ்தர் சிப்ளர் என்னும் சுவிஸ் நாட்டு மங்கையை மணந்தார். பல நாடுகளில் அலைந்த வாழ்வுக்கு அந்த இல்லறம் ஒரு நிலையான ஊன்றுகோலாயிற்று. 1959இல் கோஎன்சைம் ஏ என்னும் சிக்கலான உயிர்வேதிப்பொருளை மோஃபட் என்பவருடன் சேர்ந்து ஆய்வகத்தில் ஆக்கிக் காட்டியதும் அறிவியல் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. 1960இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் அவரை வரவேற்றது.

நான்கு எழுத்து, அறுபத்து நான்கு சொல்

இனி, அவர் செய்த பெருஞ்செயலைக் காண்போம். உயிரின் மூல வரைபடம் டி.என்.ஏ. அதிலிருந்து படியெடுக்கப்படும் ஓலை ஆர்.என்.ஏ. செல்லினுள் இருக்கும் ரைபோசோம்கள் அந்த ஓலையைப் படித்து, அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதமாக்குகின்றன. ஓலையில் உள்ள எழுத்துக்கள் நான்கே: ஏ, யூ, ஜி, சி. கோக்க வேண்டிய அமினோ அமிலங்களோ 20. இரண்டிரண்டு எழுத்தாகச் சேர்த்தால் 16 சொற்களே கிடைக்கும், அவை போதா. மும்மூன்றாகச் சேர்த்தால் 64 சொற்கள் கிடைக்கும். ஆகவே மூவெழுத்துச் சொற்களாகவே இருக்கக்கூடும் என்று பலர் கருதினர். கருதுவது வேறு; மெய்ப்பிப்பது வேறு அல்லவா?

நம் இளம்பிள்ளைப் பக்கத்துச் சேலைத் தறியை நினைத்துக்கொள்ளுங்கள். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. அதில் துளையிட்ட அட்டைகள் வரிசையாகக் கோக்கப்பட்டுத் தொங்குகின்றன. எந்த அட்டையில் எங்கே துளை என்பதைப் பொறுத்துப் பாவு நூல்கள் எழும்புகின்றன, ஊடை ஓடுகிறது, சேலையில் பூ விழுகிறது. துணியை மட்டும் பார்த்து அட்டையின் துளைகளை ஊகிப்பது கடினம். தாமே அட்டை அடித்து, தறியில் மாட்டி, என்ன பூ விழுகிறது என்று பார்ப்பதே நேர்வழி.

1961இல் நீரன்பர்க், மத்தாய் இருவரும் முதல் அட்டையை மாட்டினர். யூ என்னும் எழுத்து மட்டுமே தொடர்ந்து வரும் ஆர்.என்.ஏ.வை, நுண்ணுயிர்களைச் சிதைத்தெடுத்த சாற்றில் இட்டபோது, ஃபினைல் அலனின் என்னும் ஒரே அமினோ அமிலம் தொடர்ந்து கோக்கப்பட்ட சங்கிலி கிடைத்தது. அடுத்துப் பல எழுத்துக்களைக் கலந்து செய்து பார்த்தனர். எந்தெந்த எழுத்து என்பது தெரிந்தது; எந்த முறையில் என்பது விளங்கவில்லை. அந்த முட்டுச் சந்தில்தான் குரானாவின் பொறுமை துணைக்கு வந்தது.

எழுத்து வரிசையைத் தாமே வகுத்து, சிறு சிறு டி.என்.ஏ. துண்டுகளை வேதியியல் முறையில் அவர் ஆக்கினார். ஒவ்வொரு எழுத்து மூலக்கூறிலும் வினைபுரியும் இடங்கள் பல உண்டு. வேண்டாத இடங்களைக் காப்புத் தொகுதிகளால் மூடி, வேண்டிய இடத்தில் மட்டும் இணைத்து, பின்னர் காப்பை நீக்க வேண்டும்; ஒவ்வொரு படியிலும் பொருளைத் தூய்மைப்படுத்த வேண்டும். இணைக்கும் பணிக்குச் சூரிச்சில் ஏட்டில் கண்ட அந்தக் கார்போடைஇமைடு உதவிற்று. இவ்வாறு கிடைத்த துண்டுகளை நொதிகளைக் கொண்டு நீளச் செய்து, அவற்றிலிருந்து ஆர்.என்.ஏ. படிகளை எடுத்தார்.

யூ, சி, யூ, சி என்று மாறி மாறி வரும் ஓலையைச் சாற்றில் இட்டார். செரினும் லியூசினும் மாறி மாறி வரும் சங்கிலி உருவாயிற்று. ஈரெழுத்துச் சொல்லாயின் ஒரே சொல்லன்றோ திரும்பத் திரும்ப வரும்? மூவெழுத்தாயின்தான் யூசியூ, சியூசி என இரு சொற்கள் மாறி மாறி அமையும். மூவெழுத்துக் கொள்கை மெய்யாயிற்று. ஏ, ஏ, ஜி என்று தொடரும் ஓலையோ மூன்று வகைச் சங்கிலிகளைத் தந்தது: லைசின் மட்டும், ஆர்ஜினின் மட்டும், குளுடாமிக் அமிலம் மட்டும். எந்த எழுத்தில் படிக்கத் தொடங்குகிறதோ, அதற்கேற்ப மூன்று வாசிப்புகள்! நான்கெழுத்துத் தொடர்கள் சிலவற்றில் நீண்ட சங்கிலியே உருவாகவில்லை. அவற்றில் நிறுத்தற்குறிகள் இருந்தன என்பதற்கு அது சான்றாயிற்று. அறுபத்து நான்கு மூவெழுத்துச் சொற்களையும் ஒன்று விடாமல் அவருடைய குழுவினர் ஆக்கிச் சோதித்தனர். 1966 அளவில் அகராதி முழுமை பெற்றது: 61 சொற்கள் அமினோ அமிலங்களுக்கு, 3 சொற்கள் முற்றுப்புள்ளிக்கு.

மரபணுவை ஆக்கியவர்

பரிசு பெற்றதோடு அவர் ஓயவில்லை. ஈஸ்ட் செல்லிலுள்ள அலனின் கடத்தும் ஆர்.என்.ஏ.வின் எழுத்து வரிசையை ஹாலி 1965இல் கண்டறிந்திருந்தார். அதற்குரிய 77 எழுத்து இணைகள் கொண்ட மரபணுவை முழுமையாக ஆய்வகத்திலேயே ஆக்கியதைக் குரானா 1970இல் அறிவித்தார். அவ்வாண்டே மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்குச் சென்றார். 1976இல் அவர் குழு ஆக்கிய வேறொரு மரபணு, உயிருள்ள நுண்ணுயிரினுள் புகுத்தப்பட்டு, இயற்கையான மரபணுவைப் போலவே வேலை செய்தது. அதன் பின் புகழ் தந்த துறையை விட்டு, ஒளியை உணரும் சவ்வுப் புரதங்களின் பக்கம் திரும்பி, ஒரு புதிய மாணவரைப்போல் முதலிலிருந்து தொடங்கினார். இந்திய அரசு 1969இல் பத்ம விபூஷண் விருதளித்துச் சிறப்பித்தது. 2011 நவம்பர் 9 அன்று, தம் 89ஆம் வயதில், அமெரிக்காவின் கான்கார்டு நகரில் அவர் மறைந்தார்.

நமக்கு உரியது

2020இல் நம் மாவட்டங்களில் மூக்கிலிருந்தும் தொண்டையிலிருந்தும் மாதிரி எடுத்துக் கொரோனா நோய்க்குச் சோதித்தார்களே, அச்சோதனைக்கு இன்றியமையாதவை சிறு டி.என்.ஏ. துண்டுகள். இன்று அவற்றை இயந்திரங்கள் சில மணி நேரத்தில் ஆக்கிவிடுகின்றன. ஆயினும் குரானாவின் குழுவினர் உருவாக்கிய காப்புத் தொகுதி ஒன்று இன்றும் அந்த இயந்திரங்களில் பயன்படுகிறது. ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளும் அந்த அறுபத்து நான்கு சொற்களின் அகராதியைக் கொண்டே எழுதப்பட்டவை.

மாணவ நண்பர்களே! தாவரவியல், விலங்கியல் பாடநூல்களில் அந்த அகராதி ஒரே பக்கத்தில் ஒரு கட்டமாக அச்சிடப்பட்டிருக்கிறது. தேர்வுக்கு முதல்நாள் இரவில் அதை நாம் மனப்பாடம் செய்துவிடுகிறோம். அதன் ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னும் எத்தனை நாள் உழைப்பு, எத்தனை முறை தூய்மை செய்த கண்ணாடிக் குழல் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. குரானா ஊகித்து வென்றவர் அல்லர். ஒவ்வோர் எழுத்தாகக் கோத்து வென்றவர்.

1949இல் அவருக்கு நம் நாட்டில் ஓர் ஆய்வு மேசை கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணி ஏங்குவதால் பயனில்லை. நம் ஊர்களில் இன்று மரத்தடியில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு ஒரு மேசை காத்திருக்கிறதா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. அந்தப் பிள்ளைக்கு ஒரு இரத்தன்லாலும் ஒரு மகான் சிங்கும் கிடைக்க வேண்டும். நம்மில் பலர் நாளை ஆசிரியராகப் போகிறவர்கள். அந்த இடம் நம்முடையது.