ஆறாண்டு இல்லறம்

நூற்பாலை வண்டிகளுக்காக விடியலிலேயே பெண்கள் காத்து நிற்கும் நம் மடத்துக்குளம் வட்டாரத்தில், திரு.வி.க.வைத் தொழிற்சங்க முன்னோடி என்று அறிந்தோர் பலர். தமிழ்த்தென்றல் என்று போற்றுவோர் அதனினும் பலர். அவர்தம் இல்லறத்தைப் பேசுவோர் மிகச் சிலரே.

1883-இல் துள்ளத்தில் பிறந்து, யாழ்ப்பாணம் கதிரைவேற்பிள்ளையிடம் தமிழ் பயின்று, ஆசிரியப் பணி ஏற்ற கலியாணசுந்தரனார், 1912-இல் கமலாம்பிகையாரை மணந்தார். மனைவி என்பவள் அடுக்களைக்கு உரியவள் என்றிருந்த காலம் அது. அவரோ பள்ளியில் பிறர் பிள்ளைகளுக்குச் சொன்ன தமிழை வீட்டில் துணைவியாருக்கும் சொன்னார். நாளும் நிகழும் எளிய செயல்தான். ஆயினும் ஏவலும் பணிதலுமாக இருந்த உறவு, உடன் அமர்ந்து ஒரு நூலைப் படிக்கும் தோழமையாயிற்று. விடுதலை என்பதை அவர் மேடையில் முழங்குமுன் திண்ணையிலும் கூடத்திலும் பழகிக்கொண்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1917-இல் ஆசிரியப் பணியைத் துறந்து 'தேசபக்தன்' இதழுக்கு ஆசிரியரானார். 1918 ஏப்ரலில் பி. பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது அதன் தூண்களுள் ஒருவராக நின்றார். அவ்வாண்டு செப்டம்பரிலேயே கமலாம்பிகையார் மறைந்தார். பிறந்த இரு மகவுகளும் முன்பே மறைந்திருந்தன. திரு.வி.க.வுக்கு அப்போது வயது முப்பத்தைந்து.

அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. துயரத்தில் ஒடுங்கவும் இல்லை. 1920-இல் 'நவசக்தி' பிறந்தது. 1927-இல் 'பெண்ணின் பெருமை அல்லது வாழ்க்கைத் துணை' வெளிவந்தது. கைம்பெண்கள் மறுமணம் புரிய உரிமை வேண்டும் என்று வாதிட்டவர், தமக்கு மட்டும் வேறு வழி தேர்ந்தார். இதை முரண் என்று என் மாணவியர் சிலர் வகுப்பில் கூறுவதுண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. தம் அன்பைப் பிறர்க்கு விதியாக்காமை அன்பின் இயல்பன்றோ? அந்நூலை ஆராய்ச்சிக்காக முதலில் படித்தபோது கொள்கை நூலாகவே கண்டேன். அவர் வரலாற்றை அறிந்தபின் மீண்டும் படித்தேன். ஆறாண்டு வாழ்ந்த ஒரு வீட்டின் மகிழ்ச்சி அதன் பக்கங்களில் ஊடாடுவது தெரிந்தது.

1947-இல் ஆலைத் தொழிலாளர் போராட்டத்தின்போது, தன்னாட்டவர் ஆட்சியிலேயே வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். கண்ணொளி மங்கிய முதுமையிலும், தாம் சொல்லப் பிறர் எழுத நூல்கள் படைத்தார். 1953 செப்டம்பர் 17-இல் மறைந்தார். கமலாம்பிகையார் மறைந்து முப்பத்தைந்து ஆண்டுகள் நிறைய ஒரு நாளே எஞ்சியிருந்தது.