போர் விமானி எழுத்தாளர் ஆன கதை



ஒரு ஏழைப் பையன் சாக்லேட் ஃபேக்டரிக்குள் போவானே, அந்தப் படத்தை நம்மில் பல பேர் டிவியில் பார்த்திருப்போம். அந்தக் கதையை எழுதியவர் ரோல்ட் டால். அவர் ஒரு போர் விமானி என்பது உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரிந்ததும் ஆச்சரியமா இருந்தது. அதனால் இந்த முறை அவரைப் பற்றி எழுதுகிறேன்.

பிறப்பும் இளமையும்

ரோல்ட் டால் 1916 செப்டம்பர் 13 அன்று பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் பிறந்தார். அப்பா, அம்மா இருவரும் நார்வே நாட்டுக்காரர்கள். அவருக்கு 3 வயது இருக்கும்போது அக்கா ஆஸ்ட்ரி குடல்வால் நோயால் இறந்துபோனாள். அப்போது அவளுக்கு வயது 7 தான். மகள் போன துக்கத்தில் அப்பாவுக்கு வாழவே பிடிக்கவில்லை. சில வாரங்களில் நிமோனியா காய்ச்சல் வந்து அவரும் இறந்தார். அம்மா தனி ஆளாக எல்லாப் பிள்ளைகளையும் வளர்த்தார்.

9 வயதில் டாலை ஹாஸ்டல் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கிருந்து வாராவாரம் அம்மாவுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார். பெரியவர் ஆன பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. அவர் எழுதிய 600-க்கும் மேற்பட்ட கடிதங்களை அம்மா கட்டிக் கட்டிப் பத்திரமா வைத்திருந்தார். அம்மா 1967-ல் இறந்த பிறகுதான் அது மகனுக்கே தெரிந்தது!

விமானப் படையில்

1938-ல் எண்ணெய் கம்பெனி வேலைக்காக ஆப்பிரிக்கா போனார். மறு வருஷம் இரண்டாம் உலகப்போர் வந்தது. உடனே நைரோபியில் பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்தார். அவர் உயரம் ஆறரை அடி. சின்னப் பயிற்சி விமானத்தில் உட்கார்ந்தால் தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு இருக்குமாம்! அவரோடு பயிற்சி பெற்றவர்கள் மொத்தம் 16 பேர். அதில் 13 பேர் இரண்டு வருஷத்துக்குள் போரில் இறந்துவிட்டார்கள்.

1940 செப்டம்பர் 19. தன் படைப்பிரிவில் சேர்வதற்காகத் தனியாக ஒரு கிளாடியேட்டர் விமானத்தை ஓட்டிக்கொண்டு எகிப்துப் பாலைவனத்தின் மேல் பறந்தார். அவருக்குச் சொன்ன இடத்தில் முகாமே இல்லை. பெட்ரோல் தீர்ந்துகொண்டே வந்தது, இருட்டவும் ஆரம்பித்தது. வேறு வழி இல்லாமல் பாலைவனத்திலேயே இறக்கினார். விமானம் பாறையில் மோதித் தீப்பிடித்தது. மண்டை ஓடு உடைந்து, மூக்கு நசுங்கி, கண்ணும் தெரியாமல், எப்படியோ ஊர்ந்து வெளியே வந்துவிட்டார். பல வாரங்கள் பார்வை இல்லை. அலெக்சாண்ட்ரியா ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தார்.

இதோடு போதும் என்று அவர் வீட்டுக்குப் போகவில்லை. 1941 ஏப்ரலில் கிரீஸ் நாட்டில் மறுபடியும் போர் விமானம் ஓட்டினார். ஏப்ரல் 20 அன்று ஏதென்ஸ் வானத்தில் பெரிய சண்டை. இவர்கள் பக்கம் 12 விமானங்கள்தான். அதில் 5 விழுந்தன, டால் உயிரோடு திரும்பினார். ஆனால் பழைய தலைக்காயம் விடவில்லை. விமானம் ஓட்டும்போதே கடுமையான தலைவலி வந்து நினைவு தப்பியது. அதனால் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்று வருஷம் கழித்து வருகிற பிள்ளைக்காக அம்மா வாசலிலேயே காத்து நின்றார்.

1942-ல் அவரை அமெரிக்காவில் ஒரு அலுவலக வேலைக்கு அனுப்பினார்கள். அங்கே ஃபாரஸ்டர் என்ற எழுத்தாளர், பாலைவன விபத்தை எழுதித் தரும்படி கேட்டார். டால் எழுதியதைப் படித்துவிட்டு அப்படியே பத்திரிகைக்கு அனுப்பினார். அதுவே டாலின் முதல் எழுத்து!

வீட்டில் வந்த சோதனைகள்

1953-ல் பாட்ரிசியா நீல் என்ற சினிமா நடிகையை மணந்தார். ஐந்து பிள்ளைகள். இனிமேல் நிம்மதிதான் என்று நினைத்தேன், ஆனால் பெரிய கஷ்டம் எல்லாம் இதற்கு அப்புறம்தான் வந்தது.

1960-ல் நியூயார்க்கில் நான்கு மாதக் குழந்தை தியோவின் தள்ளுவண்டி மேல் டாக்சி மோதியது. குழந்தையின் தலைக்குள் நீர் தேங்கியது. அதை வடிக்க வைத்த குழாய் அடிக்கடி அடைத்துக்கொண்டது. டால் சும்மா அழுதுகொண்டு இருக்கவில்லை. பொம்மை விமான எஞ்சின் செய்யும் தன் நண்பர் ஸ்டான்லி வேட், மூளை டாக்டர் கென்னத் டில் இருவரையும் சேர்த்துக்கொண்டார். மூவரும் அடைக்காத ஒரு சின்ன வால்வைக் கண்டுபிடித்தார்கள். அது தயாராவதற்குள் தியோவுக்குக் குணமாகிவிட்டது. ஆனால் சுமார் 3,000 குழந்தைகளுக்கு அது பயன்பட்டது. லாபமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

1962 நவம்பரில் மூத்த மகள் ஒலிவியாவுக்குத் தட்டம்மை வந்தது. சரியாகிக்கொண்டு வருகிற மாதிரிதான் இருந்தது. அப்பா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கம்பியில் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தார். அவள் விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. தூக்கமா வருது என்றாள். தட்டம்மை மூளைக்காய்ச்சலாக மாறியிருந்தது. 12 மணி நேரத்தில் உயிர் போய்விட்டது. அவளுக்கும் வயது 7, ஆஸ்ட்ரி அத்தைக்கு இருந்த அதே வயது. இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

1965-ல் மனைவிக்கு மூளையில் ரத்தக்கசிவு. அப்போது அவர் கர்ப்பிணி. மூன்று வாரம் நினைவு இல்லை. எழுந்தபோது பேச்சும் நடையும் போயிருந்தன. டால் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூட்டி, முறை வைத்து, தினமும் மணிக்கணக்கில் பேசவும் படிக்கவும் பழக்க வைத்தார். ரொம்பக் கண்டிப்பா இருந்தாராம். குழந்தை நல்லபடியா பிறந்தது. பாட்ரிசியா 1968-ல் மறுபடி சினிமாவில் நடித்தார். பின்னாளில், 1983-ல், இருவரும் பிரிந்துவிட்டார்கள்.

இத்தனைக்கும் நடுவே தோட்டத்துச் சின்ன அறையில் உட்கார்ந்து குழந்தைகளுக்குக் கதை எழுதினார். 1986-ல் தன் விமானப்படை நினைவுகளைத் தனிப் புத்தகமாக எழுதினார். 1990 நவம்பர் 23 அன்று காலமானார்.

நான் தெரிந்துகொண்டது

மகளை இழந்த அவர் அப்பா உடைந்துபோனார். அதே துக்கம் வந்தும் டால் எழுந்து நின்றார். போரில் காட்டியதைவிட வீட்டில் காட்டிய தைரியம்தான் பெரிசு என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒலிவியா காலத்தில் தட்டம்மைக்குத் தடுப்பூசி கிடையாது. அவள் இறந்த மறு வருஷம் 1963-ல்தான் அமெரிக்காவில் வந்தது. வயதான பிறகு டால், பிள்ளைகளுக்கு அந்த ஊசியைப் போடச் சொல்லி மற்ற பெற்றோருக்குக் கடிதம் எழுதினார். நமக்கு அந்த ஊசி இலவசமாகவே கிடைக்கிறது. உங்கள் வீட்டில் தம்பி, தங்கச்சி இருந்தால் இன்றைக்கே தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். விட்டுப்போயிருந்தால் அம்மாவிடம் சொல்லுங்கள்!

– 9-ஆம் வகுப்பு மாணவி