மண்ணையும் மழையையும் அறிந்த கட்டடக் கலைஞர்

மதுரை நகரின் மேற்கே, வைகையை ஒட்டிய கோச்சடையில், மரங்கள் அடர்ந்த வளாகம் ஒன்று உள்ளது. கருங்கற்சுவர்களும் பழைய கல்தூண்களும் கொண்ட அவ்வளாகத்தை வடிவமைத்தவர் இலங்கையின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா.

1919ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் கொழும்பில் பிறந்த பாவா, தந்தையைப் போலவே சட்டத்துறையை நாடினார். கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியமும் இலண்டனில் சட்டமும் பயின்று வழக்கறிஞரானார். ஆயினும், அத்தொழிலில் அவர் மனம் ஒன்றவில்லை. தாயின் மறைவுக்குப்பின் தொழிலைத் துறந்து உலக நாடுகளைச் சுற்றினார். 1948இல் தாயகம் திரும்பி, பெந்தோட்டைக்கு அருகே லுணுகங்க என்னும் கைவிடப்பட்ட இரப்பர்த் தோட்டத்தை வாங்கினார். அதனை எழில்மிகு பூந்தோட்டமாக்கும் முயற்சியே, தாம் செய்ய வேண்டிய பணி எது என்பதை அவருக்கு உணர்த்தியது. தம்மினும் இளையோருடன் அமர்ந்து இலண்டனில் மீண்டும் மாணவரானார். 1957இல் கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றபோது அவருக்கு வயது முப்பத்தெட்டு.

அக்காலத்தில் மேலைநாடுகளில் தட்டையான கூரையும் வெண்ணிறச் சுவரும் புதுமையின் அடையாளங்களாகக் கருதப்பட்டன. பாவாவும் தொடக்கத்தில் அவ்வழியையே பின்பற்றினார். ஆனால், இலங்கையின் பெருமழையில் அத்தகைய சுவர்களில் பாசி படர்ந்தது. நம் நாட்டு முன்னோர் சாய்ந்த கூரையும் நீண்ட தாழ்வாரமும் திறந்த முற்றமும் அமைத்ததன் காரணத்தை அவர் உணர்ந்து, தம் போக்கை மாற்றிக்கொண்டார். அந்நியச் செலாவணிப் பற்றாக்குறையால் எஃகும் கண்ணாடியும் கிடைத்தற்கரியனவாகிய காலம் அது. அத்தட்டுப்பாடும் உள்ளூர்க் கல், மரம், ஓடு ஆகியவற்றின்பால் அவர் கவனத்தைத் திருப்பியது. கொழும்பில் பாத்திக் துணிக்கலைஞர் ஏனா டி சில்வாவுக்காக 1962இல் கட்டி முடித்த வீட்டின் நடுவே, காற்றும் ஒளியும் புகும் பெரிய முற்றத்தை அமைத்தார். பழமையைப் படியெடுக்காமல், அதன் பயனைப் புதிய வாழ்வுக்குப் பொருத்தியதே அவரது சிறப்பாகும்.

1960களில் மதுரைப் பகுதியில் சிறுவர்களுக்கான 'பாய்ஸ் டவுன்' கட்டடங்களை அவர் வடிவமைத்தார். பின்னர், 1971 முதல் 1974 வரை, மதுரை நூற்பாலை அலுவலர்களுக்கான மன்றம் கோச்சடையில் உருவாயிற்று. ஈரமிக்க இலங்கையின் பாணியை வெயில் காயும் பாண்டிய நாட்டுச் சமவெளிமீது அவர் திணிக்கவில்லை. இப்பகுதியின் கருங்கல்லைக் கையாண்டார். பழைய கட்டடங்களிலிருந்து பெற்ற கல்தூண்களுக்கும் மரவேலைப்பாடுகளுக்கும் மறுவாழ்வு அளித்தார். அம்மன்றம் இன்று தங்கும் விடுதியாக விளங்குகிறது.

பாவாவின் கற்பனைகளை உறுதியான கட்டடங்களாக்கியதில் தமிழரான பொறியாளர் பூலோகசுந்தரத்தின் பங்கு பெரிது. இருவரும் பல்லாண்டுகள் தொழிற்பங்காளிகளாக விளங்கினர். 1982இல் திறக்கப்பட்ட இலங்கை நாடாளுமன்றம், சதுப்பு நிலத்தை ஏரியாக்கி அதன் நடுவே எழுப்பப்பட்டது. தம்புள்ளைக்கு அருகே கந்தளமையில் கட்டிய விடுதியைத் தூண்களின்மீது உயர்த்தி, பாறையில் வழியும் மழைநீர் தன் பாதையிலேயே செல்ல வழிவிட்டார். இன்று கொடிகள் படர்ந்து, அவ்விடுதி காட்டோடு காடாகக் கலந்து நிற்கிறது.

2001இல் கட்டடக்கலைக்கான ஆகா கான் விருதுக் குழு, அவரது வாழ்நாள் பணிக்காகச் சிறப்பு விருது வழங்கிப் போற்றியது. 2003ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் பாவா மறைந்தார்.

கண்ணாடிச் சுவர்களை எழுப்பிவிட்டு, உள்ளே புகும் வெப்பத்தைத் தணிக்க மின்சாரத்தைச் செலவிடும் காலம் இது. ஒரு வீட்டைக் கட்டுமுன் அவ்விடத்தின் வெயிலையும் காற்றையும் நீரோட்டத்தையும் அறிந்துகொள்ள வேண்டும் என்பதைப் பாவாவின் கட்டடங்கள் நமக்குக் கற்பிக்கின்றன. தமக்குரிய துறையைக் காலந்தாழ்ந்து கண்டடைந்தவரும் அதில் தலைசிறந்து விளங்கலாம் என்பதற்கு அவரது வாழ்வே சான்றாகும்.